க்ரியாட்டினின் 1.3: வயதா, நோயா?

கேள்வி: எனக்கு 71 வயது. திருமங்கலம் பக்கம் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்க்கரை இல்லை. பத்து வருடமாக ரத்தக் கொதிப்புக்கு நீர் மாத்திரை சேர்ந்த டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். பாண்டி கோவிலில் பேரனுக்கு மொட்டை போட்டுக் கிடா வெட்டினோம். மறுநாள் காலை முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். க்ரியாட்டினின் 1.3, இ-ஜி.எஃப்.ஆர். 59 என்று வந்தது. ஸ்கேனில் ‘கிரேடு 1 மாற்றம்’, ஒரு நீர்க்கட்டி என்று போட்டிருக்கிறது. ‘மூன்றாம் கட்டம், அடுத்தது டயாலிசிஸ்தான்’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அன்றிலிருந்து பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். தினமும் ஐந்து லிட்டர் தண்ணீரும் வாழைத்தண்டு ஜூஸும் குடிக்கிறேன். பி.பி. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்றார்கள், அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுகிறேன். மூட்டு வலிக்கு மட்டும் மெடிக்கலில் வாங்கிக்கொள்வேன். இரவில் இரண்டு, மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். வயதானால் சிறுநீரகத்தின் வடிகட்டும் செல்கள் செத்துப்போகுமாமே, அவற்றைத் திரும்ப வளர்க்க மருந்து உண்டா? என் மனைவிக்கு 68 வயது, 16 வருடமாகச் சர்க்கரை, ஆனால் அவருக்கு க்ரியாட்டினின் 1.1 நார்மல்தான். சிறுநீர் கொஞ்சம் நுரைக்கிறது என்கிறார், அவ்வளவுதான். எனக்கு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: அன்புள்ள ஐயா,

ரிப்போர்ட்களைப் பார்த்தேன். டயாலிசிஸ் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியவை மூன்று: மெடிக்கலில் வாங்கும் மாத்திரை, நீங்களாகவே பாதியாக்கிய பி.பி. மாத்திரை, கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் உங்கள் வீட்டம்மாவின் நுரை. 59 என்ற இ-ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் எண், இந்த வரிசையில் இல்லை.

செல்களைப் பற்றிக் கேட்டீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிமுடிச்சுகள் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். பிறக்கும்போதே குறைவாகக் கொண்டு பிறப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு வடிமுடிச்சும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு சிறு உருண்டை. அந்தக் குழாய்களின் வெளிப்பக்கத்தைப் போடோசைட் என்ற செல்கள் போர்த்தியிருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலிருந்தும் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் கால்கள் கிளம்பும். ஒரு செல்லின் கால் இடுக்கில் அடுத்த செல்லின் கால் வந்து உட்காரும். நடுவில் மிச்சமிருக்கும் சந்து வழியாகத்தான் தண்ணீரும் உப்பும் யூரியாவும் வடிகின்றன. ஆல்புமின் போன்ற பெரிய புரதம் ரத்தத்திலேயே நின்றுவிடுகிறது. இப்படி ஒரு நாளைக்கு வடிவது சுமார் 180 லிட்டர். அதில் 178 லிட்டர் போலத் திரும்ப உறிஞ்சப்பட்டு, மீதிதான் சிறுநீராக வருகிறது.

போடோசைட் செல்கள் தோல் செல்லைப் போலப் பெருகுவதில்லை. வாலிபத்தில் இருக்கும் எண்ணிக்கைதான் கடைசிவரை. அவ்வப்போது ஒன்றிரண்டு கழன்று சிறுநீரோடு போய்விடும். பக்கத்தில் இருப்பவை பருத்து, காலை அகட்டி, காலி இடத்தை மூடிக்கொள்ளும். ஓரளவுக்குத்தான் அது முடியும். அதற்கும் மேல் இடைவெளி விழுந்தால் அந்த இடம் தழும்பாகி, நாளடைவில் வடிமுடிச்சு முழுவதுமே தழும்பாகி வேலையை நிறுத்திவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், எழுபது, எண்பது வயதுக்காரர்களின் வடிமுடிச்சில் இந்தச் செல்களின் அடர்த்தி இளவயதினருக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. சிறுநீரக தானம் கொடுத்த ஆரோக்கியமானவர்களை வைத்து 2017-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வும் உண்டு. அதில் 18 முதல் 29 வயதுக்காரர்களுக்கு ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 9 லட்சத்து 90 ஆயிரம் நல்ல வடிமுடிச்சுகள் இருந்தன. 70 முதல் 75 வயதுக்காரர்களுக்கு 5 லட்சத்து 20 ஆயிரம். அந்த எழுபது வயதுக்காரர்கள் நோயாளிகள் இல்லை, ஐயா. தானம் கொடுக்கத் தகுதி உண்டு என்று சல்லடை போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பாதி போன பிறகும் அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள்.

இழந்த போடோசைட்டைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்று இல்லை. ‘கிட்னி செல் புதுப்பிக்கும்’ என்று லேபிள் ஒட்டி விற்கும் பொடிக்கும் டானிக்குக்கும் காசு கொடுக்காதீர்கள். பெயர் போடாத பஸ்பம், லேகியம் பக்கமே போக வேண்டாம். வடிமுடிச்சுக்கு அடுத்து இருக்கும் நுண்குழாய்களின் செல்கள் வேறு ரகம். அவை அடிபட்டாலும் முளைத்துவிடும். வாந்திபேதியில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான க்ரியாட்டினின் 4, 5 என்று ஏறிய ஒருவர் இரண்டு வாரத்தில் பழையபடி ஆவது அதனால்தான். அப்படித் தேறியவர் குடித்த கஷாயத்துக்குத்தான் ஊரில் பெயர் கிடைக்கும். சரி, அது போகட்டும்.

இனி உங்கள் 59. இது அளந்து பார்த்த எண் அல்ல, கணக்குப் போட்டு எடுத்தது. க்ரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போடுகிறார்கள். உங்கள் 1.3-ஐயே 30 வயதுப் பையனுக்குப் போட்டால் 76 வரும். நாற்பதுக்கு மேல் வருடத்துக்குச் சுமார் ஒன்று வீதம் இந்த எண் குறைவது சகஜம். எல்லோருக்கும் ஒரே வேகத்தில் குறைவதும் இல்லை. பால்டிமோரில் ஆரோக்கியமானவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றில், மூன்றில் ஒருவருக்குக் குறையவே இல்லை.

நீங்கள் ரத்தம் கொடுத்த நாளைக் கவனியுங்கள். முதல் நாள் கிடாவெட்டு. வெந்த கறியில் க்ரியாட்டினின் இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டால் சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் அளவு ஏறும். வெயிலில் நின்றிருப்பீர்கள், தண்ணீர் குறைந்திருக்கும். மூட்டு வலி மாத்திரையும் உள்ளே போயிருக்கலாம். இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் 59. ஒரு தடவை பார்த்ததை வைத்து நாள்பட்ட சிறுநீரக நோய் என்று முத்திரை குத்த விதியும் இல்லை. எண் 60-க்குக் கீழே இருப்பதோ, சிறுநீரில் புரதம் போன்ற வேறு சேத அறிகுறியோ மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும்.

அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும் இந்த 60 என்ற கோட்டையே வைப்பது சரியா என்று சிறுநீரக மருத்துவர்களுக்குள்ளேயே வழக்கு நடக்கிறது. வயதானவர்களுக்குக் கோடு 45-ல் இருந்தால் போதும் என்பது ஒரு கட்சி. ஒரே கோடுதான் வேண்டும், இதய நோய் அபாயம் 60-க்குக் கீழேயே ஏறுகிறது என்பது மறு கட்சி. நான் முதல் கட்சிப் பக்கம் சாய்கிறவள். சிறுநீரில் புரதம் ஒழுகாத, வருடக்கணக்கில் 50-க்கு மேலேயே நிற்கிற 70 வயதுக்காரரை ‘கிட்னி பேஷன்ட்’ ஆக்குவதால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. பருப்பை விடுவார், தூக்கத்தை விடுவார். நீங்கள் இரண்டையும் விட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அந்த நிலையில் இருக்கும் பெரும்பாலானோருக்கு ஆயுளில் டயாலிசிஸ் தேவைப்படுவதே இல்லை.

ஸ்கேனில் ‘கிரேடு 1’ என்று போட்டிருப்பது, சிறுநீரகம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது என்பதைத்தான் சொல்கிறது. பார்க்கிற கண்ணையும் மெஷினையும் பொறுத்து அது மாறும். உங்களுக்கு அளவு 9.4 சென்டிமீட்டர், உங்கள் வயதுக்கு நல்ல அளவு. ஒற்றை நீர்க்கட்டி ஐம்பதுக்கு மேல் வெகு சாதாரணம். விட்டுவிடுங்கள்.

அப்படியானால் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. வயதான சிறுநீரகம் அன்றாடத்துக்குப் போதும், கையிருப்புதான் இல்லை. நம் பக்கத்தில் வண்டல் ஏறி மேடு தட்டிய கண்மாய்களைப் பார்த்திருப்பீர்கள். வழக்கமான வருடத்தில் ஆயக்கட்டுக்கு எப்படியோ தண்ணீர் கொடுத்துவிடும். மழை ஒரு மாதம் தள்ளிப்போகும்போதுதான் ஆழம் குறைந்தது தெரியவரும். உங்கள் சிறுநீரகத்துக்கு அந்த மாதிரி மாதம் எது என்றால், நீங்கள் மெடிக்கலில் வாங்கும் மாத்திரையோடு சித்திரை வெயிலும் இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருவது.

‘மூட்டு வலிக்கு நாலு வேளைக்குக் கொடுங்க’ என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு காகிதக் கவர். உள்ளே வேளைக்கு மூன்றாகக் கத்தரித்துப் போட்ட மாத்திரைகள். பெயர் இருக்கும் பகுதி பெரும்பாலும் வெட்டுப்பட்டிருக்கும். ஒன்று டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ, ஒன்று வயிற்றெரிச்சலுக்கு, மூன்றாவது சில சமயம் ஸ்டீராய்டு. முதலாவதுதான் சிறுநீரகத்துக்கு ஆகாது. வடிமுடிச்சுக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைத்திருப்பது புராஸ்டாகிளாண்டின் என்ற ஒரு பொருள். வயதானவருக்கு, அதிலும் உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில், வடிகட்டுவதே அதை நம்பித்தான் நடக்கும். இந்த வலி மாத்திரைகள் அதன் உற்பத்தியை நிறுத்துகின்றன. நுழைவாயில் சுருங்கிவிடும். டெல்மிசார்டன் வெளியேறும் வாயிலைத் தளர்த்தும். நீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கும். மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் வடிகட்ட அழுத்தமே இருக்காது; க்ரியாட்டினின் ஒரு வாரத்தில் இரட்டிப்பாகலாம். வெயில் காலத்தில் எங்கள் வார்டில் படுக்கும் முதியவர்களில் இந்தக் கதையோடு வருகிறவர்கள் நிறையப் பேர். மெல்லத் தேய்கிற தேய்மானத்தைவிட இந்தத் திடீர் அடிகள்தான் மோசம். ஒவ்வொரு அடியிலும் முழுதாகத் திரும்பாமல் கொஞ்சம் நஷ்டமாகிறது.

ஆகவே அந்தக் கவரை நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650, நாளைக்கு இரண்டு மூன்று தடவை போடலாம். கல்லீரல் கோளாறு, குடிப்பழக்கம் இருப்பவர்கள் மட்டும் கேட்டுப் போட வேண்டும். மேலே தடவும் ஜெல் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. முழங்காலுக்கு மேலுள்ள தொடைத் தசைக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை இரண்டு மாதம் விடாமல் செய்தால் பாதி வலி அதிலேயே போகும். பலரும் நான்கு நாளில் விட்டுவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பி.பி. மாத்திரையை இன்றிலிருந்து தினமும் போடுங்கள். அது கிட்னியைக் கெடுக்கும் என்ற பேச்சை வாரம் ஒருவராவது என்னிடம் கொண்டுவருகிறார்கள். டெல்மிசார்டன் வகை மருந்து வடிமுடிச்சுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. போடோசைட் கழன்று விழுவதைத் தாமதப்படுத்த நம்மிடம் இருக்கும் நல்ல ஆயுதங்களில் அது ஒன்று. தொடங்கிய புதிதில் க்ரியாட்டினின் சற்று ஏறுவதைப் பார்த்துத்தான் அதற்குக் கெட்ட பெயர். ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டால் ரத்தக் கொதிப்பு ஏறி இறங்கும். வடிமுடிச்சுக்கு அது கெடுதல். வீட்டில் உட்கார்ந்து அளந்தால் 130/80-க்குப் பக்கத்தில் இருக்கட்டும். எழுந்து நின்றதும் தலை சுற்றினால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார். ஒரே ஒரு விலக்கு: வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் என்று சாப்பிட முடியாமல் கிடக்கும் நாட்களில் இந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கலாம். எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை இப்போதே உங்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரைப் பெட்டி மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். காய்ச்சல் வந்த பிறகு கேட்க யாருக்கும் தோன்றாது.

ஐந்து லிட்டர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சிறுநீரகம் சுத்தமாகாது. நீர் மாத்திரை சாப்பிடுகிற முதியவர் இப்படிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். ஆள் குழம்புவார், தடுமாறி விழுவார். வீட்டில் வாதம் வந்துவிட்டது என்று பதறுவார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: வயதானால் தாகமே சரியாக எடுக்காது. அதனால் தாகத்தை நம்பாமல், இரண்டு, இரண்டேகால் லிட்டரைப் பகல் முழுக்கப் பரப்பிக் குடியுங்கள். வெயிலில் அலைந்த நாளில் மோரோடு அரை லிட்டர் கூட்டிக்கொள்ளலாம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே போய்ப் பத்து மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிடுவது நல்லது. வாழைத்தண்டு பொரியலாக வாரம் இரண்டு நாள் சாப்பிடுங்கள், ருசியானது. தினமும் ஜூஸாகக் குடிக்க ஒரு காரணமும் இல்லை. டெல்மிசார்டன் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றும், தண்டுச் சாற்றிலும் பொட்டாசியம் உண்டு.

இரவில் எழுவதற்கு வயதான சிறுநீரகமும் ஒரு காரணம். சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் குறைவதால் இரவிலும் நிறையச் சுரக்கிறது. ஐந்து லிட்டர் ஒரு காரணம். 71 வயது ஆணுக்கு, வீங்கினால் சிறுநீர் வழியை அடைக்கும் பிராஸ்டேட் சுரப்பியையும் பார்த்தாக வேண்டும். உங்கள் ஸ்கேனில் சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதை எழுதவில்லை. அதைக் கேட்டு அளந்துகொள்ளுங்கள். அடைப்பினால் சிறுநீரகம் கெட்டால் அது சரிசெய்யக்கூடிய கேடு, விட்டுவிடக் கூடாது.

பருப்பு, முட்டை, பால் மூன்றையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். க்ரியாட்டினின் தசையிலிருந்து வருவது. நீங்கள் புரதத்தைக் குறைத்து ஆறு மாதத்தில் தசை கரைந்தால் க்ரியாட்டினின் இறங்கும், ரிப்போர்ட்டில் எண் அழகாக ஏறும், பக்கத்து வீட்டுக்காரரும் மெச்சுவார். சிறுநீரகம் அதே இடத்தில்தான் இருக்கும். நீங்கள்தான் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவிப்பீர்கள். தசை மெலிந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை உண்டு, அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு. இந்துப்பும் உப்புதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், உங்கள் மாத்திரையோடு அது சேராது.

இப்போது உங்கள் வீட்டம்மாவுக்கு வருகிறேன். 1.1 நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். லேப் தாளில் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எல்லைக்குள் இருப்பதால் தடித்த எழுத்து விழவில்லை, அவ்வளவே. அதே சூத்திரத்தில் 68 வயதுப் பெண்ணுக்கு 1.1-ஐப் போட்டால் 55 வருகிறது. உங்களுடையதைவிடக் குறைவு. பெண்களுக்குத் தசை குறைவு என்பதால் சின்ன எண்ணுக்குள் பெரிய குறை ஒளிந்துகொள்ளும். வீட்டில் ஆம்பளைக்கு மாஸ்டர் செக்கப், அம்மாவுக்கு விரல் நுனியில் சர்க்கரை மட்டும் என்ற வழக்கத்தை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

16 வருடச் சர்க்கரையும் நுரையும் சேர்ந்தால் நான் அதை வயது என்று தள்ள மாட்டேன். சர்க்கரை நோயில் போடோசைட்டுகள் வயதுக்கு முன்பே, வேகமாகக் கழல்கின்றன. சந்து அகன்று ஆல்புமின் ஒழுகுகிறது. உங்களுடையது தேய்வு, அவருடையது நோயாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது க்ரியாட்டினின் அல்ல, சிறுநீர். எல்லா நுரையும் புரதம் இல்லை. வேகமாக விழுந்தாலும் நுரைக்கும். அதனால் ஊகம் வேண்டாம். காலையில் முதல் சிறுநீரில் ஆல்புமின்-க்ரியாட்டினின் விகிதம் என்ற பரிசோதனை செய்யுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 30 முதல் 300 வரை என்றால் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு வைத்தியத்தைத் தொடங்க வேண்டும். 300-க்கு மேல் என்றால் சிறுநீரக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டிக் வைத்துப் புரதம் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்த விகிதத்தைப் பார்த்துவிடுங்கள், ஆரம்பக் கசிவு ஸ்டிக்கில் தவறிப்போகும்.

அவருக்கு விழித்திரைப் பரிசோதனை நடந்து வருடமாகியிருந்தால் அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரி ஓரிடத்தில் மருந்து விட்டுப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கண்ணின் நுண்குழாய்களைக் கெடுத்திருந்தால் சிறுநீரகத்தையும் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். சிறுநீரகச் சேதம் உறுதியானால் டெல்மிசார்டன் வகையோடு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. சர்க்கரைக்கு வந்தவை, இப்போது சிறுநீரகச் சரிவின் வேகத்தைக் குறைக்கின்றன என்று நிரூபணமானவை. பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் முன்பு போல இல்லை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம். உடம்பு முடியாமல் பட்டினி கிடக்கும் நாளில் இவற்றையும் நிறுத்த வேண்டும். தொடங்குவது அவரை நேரில் பார்க்கிற டாக்டரின் முடிவு.

உங்களுக்கு: வலி மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் கழித்து, முதல் நாள் கறி சாப்பிடாமல், வழக்கமான தண்ணீர் குடித்து, க்ரியாட்டினினும் சோடியம், பொட்டாசியமும் பாருங்கள். அதே விகிதப் பரிசோதனை உங்களுக்கும் வேண்டும். மூன்று மாதம் தாண்டி மறுபடி ஒரு தடவை, இரண்டையும் ஒரே லேபில். எண் 55-க்கு மேல் நின்று, விகிதம் 30-க்குக் கீழே இருந்தால் வருடம் ஒரு முறை பார்த்தால் போதும். வருடத்தில் ஐந்துக்கு மேல் சரிந்தாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கோ உங்களுக்குத் தோதான வேறு சிறுநீரக மருத்துவரிடமோ போய்விடுங்கள்.

அம்மாவின் சிறுநீர்ப் பரிசோதனை இந்த வாரமே நடக்கட்டும், உங்களுடையதற்கு அவசரமில்லை. டாக்டரைப் பார்க்கப் போகும்போது இரண்டு பேரும் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கல் கவர் மிச்சம் இருந்தால் அதையும், ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எனக்கு மறுபடி எழுதும்போது அம்மா என்னென்ன சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், எத்தனை மில்லிகிராம் என்று குறிப்பிடுங்கள். மெட்ஃபார்மின் இருந்தால், அவரது இ-ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போகும்போது அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.